பெடல், ஷூ, ஒரு சரளைக்கல்

ஒரு மாசமா பதிவு எதுவும் போடலை. ஆஃபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சொல்லிட்டு எஸ்கேப் ஆயிடலாம். ஆனா இந்தத் தடவை காரணம் வேற. வலது உள்ளங்கால்ல, கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு சின்ன ஓட்டை. அது ஆறுற வரைக்கும் வீட்டுக்குள்ளேயே கிட. சைக்கிளைத் தொடாதே. இதான் டாக்டர் உத்தரவு.

சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துல, அந்த ஓட்டை எப்படி வந்துச்சுன்னு எழுதி வைக்கலாம்னு தோணிச்சு. சைக்கிளுக்குப் பெடலும் ஷூவும் வாங்கப் போற யாருக்காவது உதவும். சைக்கிள் பக்கமே போகாதவங்களும் கடைசி வரைக்கும் வாங்க. விஷயம் இருக்கு.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். திருப்புட்குழி. காஞ்சிபுரத்துலேர்ந்து வேலூர் போற வழியில பாலுசெட்டிசத்திரம் வரும். அங்கேர்ந்து உள்ளே தள்ளி இருக்கு. 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. விஜயராகவப் பெருமாள், மரகதவல்லித் தாயார். புள்னா பறவை. ராவணன்கிட்ட வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் இங்கேதான் ஈமக்கடன் செஞ்சார்னு தலபுராணம் சொல்லுது. அதனால புள் குழி, புட்குழி. கோயில் குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம்னுதான் பேரு. வறுத்த பயறு முளைக்கும்ங்கிற நம்பிக்கைக்காகக் குழந்தை வரம் கேட்டு வர்றவங்க நிறைய பேர்.

ஊரை விட்டு ஹைவேயை மறந்துட்டுத் தெற்கே இறங்கினா நமக்கு வேண்டிய ரோடெல்லாம் கிடைக்கும். ஏரிக்கரை, கால்வாய்க்கரை, செம்மண் பாதை, ஜல்லி மட்டும் கொட்டிட்டுத் தார் போட மறந்துபோன கப்பி ரோடு. இப்படியே காஞ்சிபுரத்தைச் சுத்திக்கிட்டு ஓரிக்கை பாலாத்துப் பாலம் தாண்டி, மாகறல்ல செய்யாறு தாண்டி உத்திரமேரூர் வரைக்கும் போயிட்டு வருவேன். போக வர எண்பது கி.மீ. சொச்சம். முடிஞ்ச இடத்துல எல்லாம் தார் ரோட்டை விட்டு ஏரிக்கரை ஏறிடுவேன்.

இதைத்தான் இப்போ கிராவல் சைக்கிளிங்னு பேர் வெச்சுக் கொண்டாடறாங்க. அமெரிக்காவுல கான்சாஸ் பக்கம் 2006ல ஆரம்பிச்ச ஒரு 200 மைல் சரளை ரோட்டு ரேஸ் இன்னிக்கு உலகப் பிரசித்தம். 2022லேர்ந்து இதுக்குன்னு தனியா உலக சாம்பியன்ஷிப் நடக்குது. ஆனா நம்ம ஊர்ல கிராவல்னா லாரியில கொண்டுவந்து மனையில கொட்டுற மண்ணுதான். டீக்கடையில ஒரு நாள் "இது கிராவல் சைக்கிள்ணே"ன்னு பெருமையா சொன்னேன். மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "லோடு எங்க சார் வெப்பீங்க?"ன்னு கேட்டார் :-)

சரி, பெடலுக்கு வருவோம். மிதிவண்டின்னு பேர்லயே மிதி இருக்கு. ஆனா சைக்கிள் வாங்கும்போது ஃப்ரேம் என்ன, கியர் எத்தனை, டயர் எத்தனை மி.மீ.ன்னு எல்லாத்தையும் கேட்போம். பெடலைப் பத்தி ஒருத்தரும் கேட்கறதில்லை. கொஞ்சம் விலை கூடின சைக்கிள்ல பல சமயம் பெடலே வராது, தனியாத்தான் வாங்கணும். இது தெரியாம சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து வெறும் கிராங்கைப் பார்த்து முழிச்ச கதை என்னோடது.

நம்ம அப்பா காலத்துப் பெடல்ல ரெண்டு ரப்பர் கட்டை இருக்கும். அவ்வளவுதான். ரேஸ்காரங்க கால் நழுவாம இருக்க, முன்னாடி ஒரு கூண்டும் தோல் வாரும் வெச்சுக் கட்டிக்கிட்டாங்க. அதுக்குப் பேரு டோ க்ளிப். பனிச்சறுக்குக் கட்டையில காலைப் பூட்டுற சாமான் செஞ்சுக்கிட்டிருந்த ஃபிரெஞ்சுக் கம்பெனி லுக், அதே யோசனையை 1984ல சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. ஷூ அடியில ஒரு கட்டை. அதைப் பெடல்ல வெச்சு அழுத்தினா டக்குனு பூட்டிக்கும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினா விட்டுடும். அடுத்த வருஷமே, 1985ல, பெர்னார்ட் ஈனோ இதைப் போட்டுக்கிட்டு டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சார். அதுக்கப்புறம் கூண்டு ஒழிஞ்சது. கூண்டு இல்லாததால இதுக்கு க்ளிப்லெஸ்னு பேரு. காலைப் பூட்டுற பெடலுக்குப் பூட்டில்லாத பெடல்னு பேர் வெச்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடணும்.

ரோடு ரேஸ் ஷூவுல அந்தக் கட்டை பெருசா, மூணு ஸ்க்ரூ போட்டு வெளியே துருத்திக்கிட்டு இருக்கும். அதைப் போட்டு நடந்தா வாத்து நடைதான். 1990ல ஷிமானோ எஸ்.பி.டி.ன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. சின்ன இரும்புக் கட்டை, ரெண்டே ஸ்க்ரூ, ஷூவோட ரப்பர் அடிக்குள்ள பதிஞ்சு உட்கார்ந்துடும். இறங்கி நடக்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கிட்டுக் கரை ஏறலாம். மண் ரோட்டுல ஓட்டறவங்க இந்த ரெண்டு ஸ்க்ரூ ஜாதியை விரும்பறதுக்குக் காரணம் இதுதான்.

எனக்கும் அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். போன வருஷம் எம்520 பெடல் ஒரு ஜோடி வாங்கினேன். ஜோடி 380 கிராம், ரெண்டு பக்கமும் பூட்டலாம், அடிபட்டாலும் தாங்கும். சத்திரத்துல சைக்கிள் கடை வெச்சிருக்கிற அண்ணன்கிட்ட மாட்டக் கொடுத்தேன். அப்படி ஒரு பெடலை அவர் வாழ்க்கையில பார்த்ததில்லை. ஆனா கையில வாங்கினதும், "லெஃப்ட்டு ரிவர்ஸ் மரைதானே?"ன்னு கேட்டார். அது மட்டும் மாறவே இல்லை. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும். இல்லேன்னா மிதிக்க மிதிக்கத் தானே கழண்டுடும். 15 நம்பர் ஸ்பேனர், மரையில கொஞ்சம் கிரீஸ், ரெண்டு நிமிஷம். காசு வாங்கலை. "இதுல எப்படி சார் எறங்குவீங்க?"ன்னு மட்டும் கேட்டார்.

நல்ல கேள்வி. அடுத்த வாரமே பதில் தெரிஞ்சுபோச்சு.

ஷூ சென்னையில ஒரு கடையில வாங்கினேன். காலையில பத்து மணிக்குக் கடை திறந்ததும் முதல் ஆளா போய் நின்னது முதல் தப்பு. பகல் முழுக்க நடந்து நின்னு கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கும். ஷூ வாங்கற நேரம் சாயங்காலம்தான். ரெண்டாவது தப்பு, நம்பரை மட்டும் பார்த்தது. நீளம் சரியா இருந்துச்சு, அகலம் பத்தலை. சின்ன வயசுல செருப்பு இல்லாம வளர்ந்த கால் எனக்கு, முன்பக்கம் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். இந்த ஷூவெல்லாம் முன்னாடி ஒடுங்கி இருக்கும். "போடப் போட லூசாயிடும் சார்"னார் கடைக்காரத் தம்பி. அடிப்பாகம் பலகை மாதிரி கெட்டியா இருந்துச்சு. கெட்டியா இருந்தா நல்லது, மிதிக்கிற சக்தி வீணாகாதுன்னு படிச்சிருந்தேன். இறுக்கமா இருந்ததை ஃபிட்டா இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னும் சொல்லப்போனா, இறுக்கமா இருந்ததே எனக்கு சரியாத் தெரியலை. ஏன்னு அப்போ யோசிக்கலை.

அந்த ஞாயித்துக்கிழமை. காலையில ஆறரை மணி. பெருமாளைப் பார்த்துட்டு உத்திரமேரூர் போறதா திட்டம். குளத்துக்கிட்ட திரும்பறேன், எதிர்ல ஒரு முப்பது ஆடு. பிரேக் போட்டேன். சைக்கிள் நின்னுச்சு. கால் வரலை. திருப்பணும்னு மூளைக்குத் தெரியுது, திருப்பினேனா இல்லையான்னு காலுக்குத் தெரியலை. மரம் சாயற மாதிரி மெதுவா, ரொம்ப கௌரவமா, வலது பக்கம் சாஞ்சேன். ஜடாயுவுக்கு அப்புறம் இந்த ஊர்ல இவ்வளவு விமரிசையா விழுந்தவன் நானாத்தான் இருப்பேன். அவராவது சண்டை போட்டு விழுந்தார். நான் ஆட்டைப் பார்த்து விழுந்தேன் :-(

பெருசா அடி இல்லை. முழங்கையில சிராய்ப்பு. ஷூவைக் கழட்டி வெளியே விட்டுட்டு சாமி கும்பிட்டேன். திரும்பி வந்து ஷூவை மாட்டினேன், கிளம்பினேன். உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிற கோயில் வாசல்ல நின்னு ஒரு போட்டோ, ஒரு இளநீர், திரும்ப மிதி. பன்னண்டு மணிக்கு வீடு.

குளிச்சுட்டு வந்தா வீட்டுக்காரம்மா கையில சாக்ஸ். "என்னங்க, சாக்ஸ்ல ரத்தமா இருக்கு?"

முழங்கை ரத்தம்தான் பட்டிருக்கும்னேன். "கை ரத்தம் எப்படிங்க சாக்ஸுக்குள்ள போகும்?" ஷூவைக் கவுத்தாங்க. உள்ளேர்ந்து ஒரு சரளைக்கல் விழுந்துச்சு. கொண்டைக்கடலை சைஸ். ஒரு முனை கூர்.

கோயில் வாசல்ல ஷூவுக்குள்ள போயிருக்கு. அதை மிதிச்சுக்கிட்டு எண்பது கி.மீ. போயிட்டு வந்திருக்கேன். ஒரு தடவைகூட உறுத்தலை. உங்களுக்கெல்லாம் அப்படி ஒரு கல் ஷூவுக்குள்ள இருந்தா நூறு அடி தாண்ட மாட்டீங்க.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். எங்க அப்பா நெசவாளி. குழித்தறி. குழிக்குள்ள காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, வெறுங்காலால மிதிக்கட்டையை மாத்தி மாத்தி மிதிப்பார். கண்ணெல்லாம் மேலே ஜரிகையில இருக்கும். கீழே எந்தக் கட்டையில கால் இருக்குன்னு குனிஞ்சு பார்த்து நான் கண்டதில்லை. காலுக்கே தெரியும். சேலை முடிஞ்சதும் கேரியர்ல கட்டிக்கிட்டு காஞ்சிபுரம் முதலாளி வீட்டுக்கு சைக்கிள்ல போவார். டயர் செருப்பு, ரப்பர் கட்டைப் பெடல். அவ்வளவுதான் அவரோட சாமானம்.

பின்னாடி அவருக்கு சர்க்கரை வந்துச்சு. 2004ல ஒரு சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைச்சு உள்ளே போயிருக்கு, அவருக்குத் தெரியலை. தெரிஞ்சப்போ கால் நீலமா மாறியிருந்துச்சு. ரெண்டு விரலை எடுத்தாங்க. அதுக்கப்புறம் தறியில உட்கார்ந்தார். ஆனா அடிக்கடி குனிஞ்சு கீழே பார்ப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கும்.

எனக்கு சர்க்கரைன்னு தெரிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு. மாத்திரை போடறேன், சைக்கிள் ஓட்டறேன், எல்லாம் கன்ட்ரோல்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். அந்தக் கல்லைப் பார்த்த அன்னிக்கு சாயங்காலமே டாக்டர்கிட்ட போனோம்.

புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டினார். அப்புறம் கண்ணை மூடிக்கச் சொன்னார். நைலான் நரம்பு மாதிரி ஒரு இழை, 10 கிராம் அழுத்தத்துல வளையற மாதிரி செஞ்சிருக்காங்க. அதால கால்ல தொடுவேன், தெரியும்போது "தெரியுது"ன்னு சொல்லுங்கன்னார். நான் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு, "எப்போ சார் ஆரம்பிப்பீங்க?"ன்னு கேட்டேன்.

"வலது கால் முடிச்சுட்டேன்"னார்.

கண்ணைத் திறந்தா வீட்டுக்காரம்மா ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

இடது கால்ல சில இடம் தெரிஞ்சுது. ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி விரல் எலும்பு மேல வெச்சார். அதோட அதிர்வு ஒரு கால்ல லேசா, இன்னொண்ணுல இல்லவே இல்லை. சர்க்கரை பல வருஷம் கூடவே இருந்தா நீளமான நரம்போட நுனிதான் முதல்ல கெடும். உடம்புல நீளமான நரம்பு கால் விரலுக்குப் போறதுதான். அதனாலதான் பாதத்துல ஆரம்பிக்குது.

சைக்கிளை விட்டுடணுமான்னு பயந்துகிட்டே கேட்டேன். "வேணாம், ஓட்டுங்க. சர்க்கரைக்கு அது நல்லதுதான். புண் ஆறட்டும், ஷூவை மாத்துங்க, தினமும் காலைப் பாருங்க. உங்க காலுக்கு வலி தெரியாது. அதனால கண்ணுதான் பார்த்துக்கணும்"னார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். தேடினது எங்கெங்கேயோ போயி கடைசியில எங்க ரோட்டுலயே வந்து நின்னுச்சு. சத்திரத்துலேர்ந்து இதே ஹைவேயில மேற்கே போனா வேலூர். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில 1946ல வந்து சேர்ந்தவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளுக்குக் கை கால் விரல் போறது நோயால சதை அழுகறதால இல்லை, வலி தெரியாததால படுற காயத்தை கவனிக்காம விடறதாலதான்னு எடுத்துக் காட்டினார். கல், ஆணி, சூடு, இறுக்கமான செருப்பு. இவ்வளவுதான் எதிரி. அந்தக் காலுக்கு எந்த மாதிரி செருப்பு வேணும்னு அவரும், பக்கத்துல கரிகிரியில இருக்கிற தொழுநோய் மையத்துல இருந்தவங்களும் பார்த்துப் பார்த்து உழைச்சாங்க. நுண்ணிய காத்தறைகள் நிறைஞ்ச மெத்து ரப்பர், அதுக்கு அடியில கெட்டி அடித்தளம். இன்னிக்கு சர்க்கரைக்காரங்களுக்கு எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில வந்ததுதான். மேலே மெத்துன்னு, கீழே கெட்டியா. சைக்கிள் ஷூவுக்கும் எனக்கு வேண்டியது அதே சூத்திரம்தான்.

ஆக, ரெண்டாவது தடவை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன்னு சொல்றேன்.

ஷூ: வெள்ளைத்தாள் மேல ரெண்டு காலையும் வெச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சுக்கிட்டேன். சாயங்காலம், நின்னுக்கிட்டு. கடையில ஷூவுக்குள்ள இருக்கிற இன்சோலை வெளியே எடுத்து அந்தத் தாள் மேல வெச்சேன். கோடு இன்சோலுக்கு வெளியே வந்தா அந்த ஷூ வேண்டாம். எத்தனை அழகா இருந்தாலும் வேண்டாம். நாலு ஜோடி தோத்துச்சு, அஞ்சாவது ஜெயிச்சுது. விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம். உள்ளே துருத்துற தையல் இல்லை. இறுக்கறதுக்கு லேஸ். திருகுற சக்கரமெல்லாம் சொகுசுதான், ஆனா ஒரே இழுப்புல எல்லா இடத்தையும் இறுக்கும். லேஸ்ல முன்பக்கம் தளர்வாவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாவும் கட்டிக்கலாம்.

சரளையில மணிக்கணக்கா ஓட்டும்போது பெடல் கீழேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கும். அடி ரொம்ப மெல்லிசா இருந்தா அந்தத் தட்டெல்லாம் ஒரே இடத்துல இறங்கும். அதனால அடி கெட்டியா இருக்கட்டும், ஆனா நடக்கும்போது கொஞ்சமாவது வளையட்டும், உள்ளே மெத்துன்னு இன்சோல். நல்ல கால் உள்ளவங்களுக்கும் ஷூ இறுக்கினா விரல் மரத்துப்போகும். ஷூவைக் கழட்டி அஞ்சு பத்து நிமிஷத்துல சரியாயிட்டா ஷூ மேல தப்பு. கழட்டினப்புறமும் மரப்பு போகலைன்னா ஷூ கடைக்குப் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

பெடல்: உங்க கால் நல்லா இருந்தா எஸ்.பி.டி.யே போடுங்க, தடுக்க மாட்டேன். ஜல்லியில குலுங்கும்போது கால் பெடலை விட்டுத் துள்ளாது, அது பெரிய சுகம். புதுசா ஆரம்பிக்கிறவங்க எஸ்.எச்.56ங்கிற க்ளீட் கேட்டு வாங்குங்க. வழக்கமா கூட வர்ற எஸ்.எச்.51 குதிகாலைப் பக்கவாட்டுல திருப்பினாத்தான் விடும். 56 பல திசையில விடும், பதறி இழுத்தாலும் விடும். பூட்டோட இறுக்கத்தைப் பெடல்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூவால நல்லா தளர்த்திடுங்க. ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் சும்மா தட்டையா இருக்கிற ஈ.எச்.500 மாதிரி பெடலும் இருக்கு. ஊருக்குள்ள செருப்போட, ஏரிக்கரையில ஷூவோடன்னு ரெண்டுக்கும் ஆகும். க்ளீட்டை மாட்டும்போது முன்னாடி தள்ளாம கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சா விரலடியில விழற அழுத்தம் குறையும். ஐப்பசி கார்த்திகையில மட்டும் ஜாக்கிரதை. நம்ம ஏரிக்கரைக் களிமண் அந்தக் குழிக்குள்ள அப்பிக்கிச்சுன்னா பூட்டவும் பூட்டாது, விடவும் விடாது.

எனக்கு அது சரிப்படாது. திருப்பி எடுக்கணும்னா கால் எங்கே இருக்குன்னு காலுக்குத் தெரியணும். அதனால தட்டைப் பெடல். உள்ளங்கை விரிச்ச அகலம், கால் பூரா தாங்கும். ஷூ பிடிக்கறதுக்காக மேலே குட்டிக் குட்டி இரும்பு ஆணி இருக்கும். இதுலயும் ஒரு வில்லங்கம். கால் வழுக்கினா அந்த ஆணி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கிழிச்சுடும். மத்தவங்களுக்கு அது தழும்பு, எனக்கு அது ரெண்டு மாச டிரெஸ்ஸிங். ஆஃபீஸ்ல புடுங்கற ஆணி போதாதுன்னு வீட்டுல உட்கார்ந்து குட்டி ஆலன் கீயால ஒவ்வொண்ணா புடுங்கினேன். அப்புறம் மழையில வழுக்கும்னு சத்திரத்து அண்ணன் சொன்னார். கடைசியில நைலான்ல, அதுலயே வார்த்த மொட்டை முளைகளோட ஒரு பெடல் வாங்கி மாட்டியிருக்கு. பிடிமானம் கொஞ்சம் கம்மிதான். குதிகாலை லேசா கீழே அழுத்தி மிதிச்சா கால் நிக்கும்னு சொல்றாங்க. வேகம் குறையலாம். குறையட்டும்.

இன்னும் ரெண்டு விதி. ஷூவைப் போடறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டணும், உள்ளே கையை விட்டுத் தடவணும். எங்க ஊர்ல தேளும் இருக்கு, அதுக்கும் சேர்த்து. கோயிலுக்குப் போனா விடிகாலையில மட்டும், அதுவும் கெட்டி சாக்ஸோட. உச்சிவெயில்ல கருங்கல் தரையில நின்னா கொப்பளிக்கறது எனக்குத் தெரியாது. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்னு நம்பறேன்.

அந்த எம்520ஐத் தூக்கிப் போடலை. பழைய ஷூவோட ஒரு டப்பாவுல இருக்கு. சரளைக்கல்லும் அதுலதான் இருக்கு. தூக்கிப் போடப் போனாங்க, நான்தான் வேண்டாம்னேன்.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் காலை நீட்டி உட்காரணும். பொண்ணு செல்போன் டார்ச்சை அடிச்சு உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் பார்ப்பா. ஒன்பதாவது படிக்கிறா. பார்த்துட்டு டாக்டர் மாதிரி "ம், ஓகே"ன்னு சொல்லுவா. நேத்து, "தாத்தாவுக்கு யாருப்பா பார்த்தாங்க?"ன்னு கேட்டா.

யாரும் பார்க்கலைன்னு சொன்னேன்.

புண் முக்கால்வாசி ஆறியாச்சு. இன்னும் ரெண்டு வாரம்னு டாக்டர் சொல்லியிருக்கார். புதுப் பெடலை வராண்டாவுல ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கையால சுத்திப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

உங்க பெடல் என்ன, ஷூ என்ன, எங்கே எப்படி விழுந்தீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. நான் மட்டும் விழலைன்னு தெரிஞ்சா ஒரு சந்தோஷம்தான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சைக்கிள் மெக்கானிக்கும் இல்லை. சர்க்கரை இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ராத்திரி உங்க உள்ளங்காலை ஒரு தடவை பாருங்க. குனிய முடியலைன்னா தரையில கண்ணாடி வெச்சுப் பாருங்க. இல்லேன்னா வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க.